டீசல் முள் சொல்லும் பொய்

எங்கள் பிக்கப் வண்டியின் டீசல் முள்ளை நம்பி நான் பட்ட பாடு போதும். போன குறுவை அறுவடையில் 30 மூட்டை நெல்லோடு மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகும் வழி. முள் கால் டேங்க் காட்டும்போதே வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. மேலே கருமேகம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் பிரச்சினை. தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்கு ஓடினேன்.

சரி, டீசல் ஊற்றினால் கிளம்பிவிடுமா? இன்ஜினுக்கு டீசல் போகும் லைனில் காற்று புகுந்துவிட்டதே! அந்தக் காற்றை வெளியேற்றும் ஹேண்ட் பம்பை அழுத்தி அழுத்திக் கட்டைவிரலே வீங்கிவிட்டது. நுரை நுரையாக வந்த டீசல் தெளிவாக வர அரை மணி நேரம் ஆனது.

அப்புறம் மெக்கானிக் அண்ணன் டேங்க்குக்குள் இருந்து டீசல் அளவை முள்ளுக்குச் சொல்லும் மிதவையைக் கழற்றிக் காட்டினார். அதன் கம்பி மேலும் கீழும் உரசுகிற தடம் ஓரிடத்தில் தேய்ந்து பளபளவென்று இருந்தது. விரல் நகம் அளவுகூட இல்லை அந்தத் தேய்மானம். அதற்காகவா என்னை நடுரோட்டில் நிறுத்துவது? புதுசு மாற்றியும் முள் முக்கால் டேங்க்கிலேயே நெடுநேரம் நிற்கிறது, பிறகு மளமளவென்று இறங்குகிறது. இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய வண்டியில் குச்சி விட்டா டீசல் பார்ப்பது?