வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளை யோசிக்கவில்லை என்று யார் சொன்னது?

யோசிப்பது என்றாலே மனசுக்குள் பேசுவதுதான் என்று ஆசிரியர்கள் நாங்களே நம்பிக்கொண்டு இருக்கிறோம். எனக்கு அப்படித்தான். இலங்கை மலையகத்து ஹட்டனில் பஸ் ஏறினால் இறங்கும்வரை உள்ளே பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லாருக்கும் இப்படி இல்லை.

அமெரிக்காவில் ரஸல் ஹர்ல்பர்ட் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகளாக இதைத்தான் ஆராய்கிறார். ஆளிடம் பீப்பர் என்ற சின்ன ஒலிக்கருவி ஒன்றைக் கொடுத்துவிடுவார், அது எப்போது அடிக்கும் என்று தெரியாது, அடிப்பதற்குச் சற்று முன் மனசில் என்ன இருந்ததோ அதை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். சிலருக்குப் பெரும்பாலும் பேச்சு, சிலருக்குப் பேச்சே கிடையாது. படம் வரும், உணர்ச்சி வரும், சொல்லோ படமோ இல்லாமல் விஷயம் மட்டும் தெளிவாகவும் வரும். 2024இல் நெடர்கார்ட், லூபியன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உட்பேச்சு, அதாவது மனசுக்குள் பேசுவது, குறைந்தவர்கள் சொற்களை நினைவில் வைப்பதில் கொஞ்சம் பின்தங்கினார்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில் வித்தியாசமே இல்லை.

அம்மாவிடம் கேட்டேன், "மலையில தேயிலைக் கொழுந்து எடுக்கையில மனசுக்குள்ள என்னம்மா பேசிக்குவீங்க?" "பேசுறதா? யாருகூட? கண்ணு அடுத்த கொழுந்துல இருக்கும், கை தானா போவும்" என்றார். விடாமல் கேட்டேன். கொழுந்து நிறுவைக்கு நேரமாச்சு என்பதுகூட அவருக்குச் சொல்லாக வராதாம், நெஞ்சில் ஒரு பரபரப்பாகத்தான் வருமாம். தோட்டக் குடியிருப்பான எங்கள் லயத்துச் சீட்டுக் கணக்கைத் தாள் இல்லாமல் வைத்திருக்கிற மனுசி அவர்!

இப்போது வகுப்பறைக்கு வாங்க. கணக்குக்கு விடை சரி, வழி எழுதவில்லை. "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றால் பிள்ளை முழிக்கும், உடனே பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியது என்று முடிவு கட்டி, எல்லார் முன்னாலும் "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிடுகிறோம். எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. இன்னொரு பக்கம், முணுமுணுத்துக்கொண்டே கூட்டுகிற சின்னப் பிள்ளையை அடக்குகிறோம். அந்த முணுமுணுப்புதான் வளர வளர உட்பேச்சாக மாறுகிறது என்று 1934இலேயே சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி எழுதிவிட்டார்.

பரீட்சைக்கு வழி எழுதப் பழக்கத்தான் வேண்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் களவெடுத்தான் என்று சொல்வதற்கு முன்னால் வெறுந்தாள் ஒன்றைக் கொடுத்து, "வரைஞ்சு காட்டு, விரல் விட்டு எண்ணிக் காட்டு, எப்படி வருதோ அப்படிக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள், சேர்மாரே, டீச்சர்மாரே.