மதுரை விளையாட்டு வீரர்களின் கணக்கை யார் எழுதுவது?

மதுரை மாவட்டத்துக்கென்று ஒரு விளையாட்டுப் புகழ் மண்டபம் (ஹால் ஆஃப் ஃபேம்) வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், எங்கே கட்டுவது, யார் திறந்துவைப்பது, யார் பெயரைச் சூட்டுவது என்பதிலேயே அந்தப் பேச்சு முடிந்துபோகிறது. உள்ளே என்ன எழுதிவைப்பது என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், கட்டடம் பத்தாண்டு கழித்து வந்தாலும் குடிமுழுகிப் போகாது. இந்த மண்ணிலிருந்து ஓடியவர், தாண்டியவர், எறிந்தவர், பந்தடித்தவர் என ஒவ்வொருவரின் ஆட்ட வாழ்க்கையையும் ஆண்டு, இடம், நேரம், தூரம், பள்ளி, பயிற்சியாளர் ஆகிய விவரங்களோடு பதிந்துவைக்கும் ஏடு ஒன்றுதான் உடனடியாகத் தேவை.

அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இருக்கும் சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் 2024-ஆம் ஆண்டு நம் விஜய் அமிர்தராஜும் லியாண்டர் பயஸும் சேர்க்கப்பட்டார்கள். 1974, 1987 ஆகிய ஆண்டுகளில் இந்தியா டேவிஸ் கோப்பையின் இறுதிச்சுற்று வரை சென்ற அணிகளில் ஆடியவர் அமிர்தராஜ். ஆயினும், ஆட்டத்துக்கு வெளியே நின்று டென்னிஸுக்காக அவர் ஆற்றிய பணிகளை முன்னிறுத்தியே அவருக்கு அந்த இடம் தரப்பட்டது. அமெரிக்காவின் பேஸ்பால் புகழ் மண்டபத்திலோ, பேஸ்பால் செய்தியாளர்களின் வாக்கு மூலம் ஒருவர் நுழைய வேண்டுமானால் பத்துப் பருவங்களாவது ஆடியிருக்க வேண்டும், ஓய்வுபெற்று ஐந்தாண்டுகள் கழிந்திருக்க வேண்டும், வாக்களிப்பவர்களில் 75 விழுக்காட்டினர் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பாராட்டு விழாக்களுக்கு ஐந்து நாள் பொறுக்கும் வழக்கம்கூட இல்லை. வந்து இறங்கியதும் மாலை, சால்வை, திறந்த ஜீப்பில் ஊர்வலம், வீரரைவிடப் பெரிய முகங்களோடு ஒரு ஃப்ளெக்ஸ். அடுத்த வாரம் அதே கம்பத்தில் யார் வீட்டுக் காதணி விழா பேனரோ ஏறிவிடுகிறது.

சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை எடுத்துக்கொள்வோம். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர், கூலி வேலை பார்த்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர், வெறுங்காலில் ஓடிப் பழகியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தேர்வோட்டத்தில் 400 மீட்டரை அவர் 53.55 விநாடியில் ஓடியதால்தான் டோக்கியோ ஒலிம்பிக் அணியில் இடம் கிடைத்தது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அங்கே ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்பு ரிலேயில் முகமது அனஸிடம் பேட்டனை வாங்கி, திருச்சியைச் சேர்ந்த சுபா வெங்கடேசனிடம் கொடுத்தவர் இவர். அந்த அணி 3 நிமிடம் 19.93 விநாடியில் ஓடி, தன் தகுதிச் சுற்றில் கடைசியாக வந்தது. அது அந்தப் பருவத்தில் அவ்வணியின் சிறந்த நேரம். கடைசி இடம் என்பதையும், சிறந்த நேரம் என்பதையும் ஒரே வரியில் எழுதுகிற துணிவு நம் ஏட்டுக்கு வேண்டும். வறுமையை மட்டும் விரித்து எழுதி ஓட்டத்தை விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பாட்டியின் தயக்கத்தைப் பேசித் தீர்த்து, லேடி டோக் கல்லூரியில் படிக்கவும் விடுதியில் தங்கவும் வழிசெய்த பயிற்சியாளர் கண்ணனின் பெயரும் அதே பக்கத்தில் வர வேண்டும்.

ஜெர்லின் அனிகாவின் பக்கம் இன்னும் கனமானது. மாநகராட்சிப் பள்ளி மாணவியாக இருந்த இந்தச் செவித்திறன் குறையுடைய இறகுப்பந்து வீராங்கனை, 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறையுடையோருக்கான ஒலிம்பிக்கில் ஒற்றையர், கலப்பு இரட்டையர், அணி ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. செல்வபிரபு திருமாறன் 2022-இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக தடகளப் போட்டியில் மும்முறைத் தாண்டுதலில் 16.15 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றவர். மாற்றுத்திறனாளி தடகள வீரர் ரஞ்சித் குமார் 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் வெண்கலமும், 2020-இல் தியான்சந்த் விருதும் பெற்றவர். தியான்சந்த் விருது ஒரே ஒரு வெற்றிக்காக அல்ல, வாழ்நாள் பங்களிப்புக்காகத் தரப்பட்டது. அவர் எங்கள் ஊர்க்காரர் என்று தெருவில் கேட்டால் சொல்லக்கூடியவர் சிலரே.

இவர்களெல்லாம் இணைய காலத்து ஆட்கள் என்பதால் இவ்வளவாவது தேடினால் கிடைக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறையின் சான்று பெரும்பாலும் பரண்மேல் துணிப்பையில் கிடக்கிறது. அப்படி ஒரு சான்றிதழ்க் கட்டை உறவினர் வீட்டில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பேனா மையில் எழுதிய பெயர் நீலம் வெளுத்துப் போயிருந்தது. 'உயரம் தாண்டுதல், இரண்டாமிடம்' என்பதற்குக் கீழே உயரத்தைக் குறிக்க விட்டிருந்த கோடு நிரப்பப்படாமலே இருந்தது. ஓரத்தை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. பள்ளி வராந்தாக்களில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகைகளும் இதே கதைதான். தலைப்பெழுத்தும் பெயரும் ஆண்டும் இருக்கும். எத்தனை விநாடி, எத்தனை மீட்டர் என்பது இராது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதால், வேலை கிடைக்கும் வரைக்கும் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். வேலை கிடைத்துவிட்டாலோ வயது தாண்டிவிட்டாலோ, அதைப் படிக்க ஆள் கிடையாது.

மதுரைக்காரர்களுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. தை மாதம் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் எந்தச் சுற்றில் யார் எத்தனை மாடு பிடித்தார், எந்தக் காளை பிடிபடாமல் போனது, யாருக்குக் கார் கிடைத்தது என்று மறுநாள் நாளிதழில் வரி பிசகாமல் வருகிறது. அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 60 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஏறுதழுவுதல் அரங்கில் அருங்காட்சியகத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். அது நல்ல காரியம்தான். அந்த அக்கறையில் நாலில் ஒரு பங்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்து ஓடுதளத்தின் பக்கமும் திரும்பலாம் அல்லவா?

சேர்ப்பு விதிகளைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. இப்போது ஆடிக்கொண்டிருக்கும் எவரையும் முதல் பட்டியலில் சேர்க்கக் கூடாது. ரேவதிக்கும் ஜெர்லினுக்கும் செல்வபிரபுவுக்கும் இன்னும் காலம் இருக்கிறது. விவரங்களை மட்டும் இப்போதே திரட்டி வைத்தால் போதும். எழுபது வயதைக் கடந்த வீரர்களையும், உடற்கல்வி ஆசிரியர்களையும் முதலில் தேடிப் போக வேண்டும். அவர்கள் வீட்டுச் சான்றிதழ்களைப் படமெடுத்து, அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, மதுரைக் கல்லூரி போன்றவற்றின் பழைய ஆண்டு மலர்களோடும் நாளிதழ்த் தொகுப்புகளோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தேர்வுக் குழுவில் கட்சிக்காரரும் சங்கப் பொறுப்பாளரும் இல்லாமல் இருப்பது நல்லது. அது எளிதில் நடக்கக்கூடியதல்ல என்பதும் தெரிந்ததே.

கிராமத்துக் கபடிக்காரர்கள் விஷயத்தில்தான் சிக்கல் வரும். மின்விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய ஆடிய அவர்களிடம் சான்றிதழ் இல்லை. ஊர்ப் பெயர் பொறித்த கோப்பையும், போட்டி நோட்டீஸும், ஒன்றாக ஆடியவர்களின் வாய்ச்சொல்லுமே இருக்கும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பினால் புளுகு மலிந்துவிடும்; காகிதம் கேட்டால் பாதி மாவட்டமே வெளியில் நிற்கும். ஆகவே கோப்பையையும் நோட்டீஸையும் சான்றாக ஏற்றுக்கொண்டு, மற்றவற்றைச் சொன்னவர் பெயரோடு 'வாய்மொழித் தகவல்' என்று குறித்து, அதே ஏட்டில் தனிப் பகுதியாக வைக்கலாம் என்பது என் யோசனை.