போன் வாங்கப் பருப்பு நிறுத்துப் பார்த்த கதை

என் போன் வீங்கிவிட்டது. பட்டரி உப்பி, ஸ்கிரீனை ஒரு பக்கம் தூக்கி, நடுவில் ஒரு பத்து ரூபாய்க் குற்றி போகிற அளவுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. வெடித்தாலும் வெடிக்கும் என்று மனைவி அதை இரவில் வீட்டுக்குள் வைக்க விடுவதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில், நாலாம் மாடி பல்கனியில், கறிவேப்பிலைச் சாடிக்கு அடியில் உள்ள தட்டில்தான் அதற்குப் படுக்கை. புதிதாக எதை வாங்குவது என்று நான் யோசிக்கத் தொடங்கி அன்றைக்கு 19 நாள். சனிக்கிழமை பின்னேரம், 80 பக்கக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருக்கிறேன்.

அவள்: இஞ்சருங்கோ, பிளேன்டீ ஆறுகிறது. இன்னும் அந்தக் கொப்பிதானா?

நான்: முடிகிற கட்டம். இரண்டுக்கு வந்துவிட்டேன். ஒன்று புது சாம்சங் ஏ55. மற்றது பாவித்த ஐபோன் 13. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காசு.

அவள்: போன கிழமையும் இரண்டுதானே இருந்தது?

நான்: அது வேறு இரண்டு.

அவள்: 2022 தொடக்கத்திலேயே வாங்குவோம் என்று சொன்னேன். டொலர் 200 ரூபாய் விற்கிறது, கொஞ்சம் இறங்கட்டும் என்றீர்கள். அந்த வருஷமே 360க்குப் போனது. பிறகு இறங்கத் தொடங்கிவிட்டது, இன்னும் பொறுப்போம் என்றீர்கள். 2024 ஜனவரியில் போனுக்கும் சேர்த்து 18 வீதம் வற் வரி போட்டார்கள். நீங்கள் யோசிக்க உட்காரும் போதெல்லாம் அரசாங்கத்துக்கும் ஒரு யோசனை வந்துவிடுகிறது.

நான்: பொறுத்ததில் லாபமும் இருக்கிறது. 2025 மார்ச்சில் ஏ56 வந்தது. அதனால்தான் ஏ55 விலை இறங்கியிருக்கிறது.

அவள்: அப்படியென்றால் அடுத்தது வரும்வரை பொறுங்கள், ஏ56உம் இறங்கும். இப்படியே பொறுத்துக்கொண்டு போனால் கடைசியில் கடைக்காரன்தான் நமக்குக் காசு தர வேண்டி வரும்.

(பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது. கொப்பியில் குறிக்கப் போனேன், பேனையைப் பிடுங்கிவிட்டாள்.)

அவள்: வாசியுங்கள் பார்ப்போம். என்ன நிறத்தில் வருகிறது?

நான்: நிறம் எல்லாம் ஒரு விஷயமா? ஏ55 கடும் நீலத்தில் இருக்கிறது, இன்னும் மூன்று நிறம் இருக்கிறது. அதை விடும். முதலில் எடை. ஐபோன் 174 கிராம், சாம்சங் 213. வித்தியாசம் 39 கிராம்.

அவள்: 39 கிராம் என்றால் கையில் எப்படி இருக்கும்?

நான்: 39 கிராம் மாதிரித்தான் இருக்கும்.

அவள்: இருங்கள் வருகிறேன்.

இவள் முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவள் என்பதை முதலே சொல்லியிருக்க வேண்டும். குசினிக்குள் போனாள், கேக் அடிக்க வாங்கிய சின்னத் தராசை எடுத்தாள், மைசூர்ப் பருப்புப் போத்தலைத் திறந்தாள். இரண்டு சின்னப் பொலித்தீன் பை. ஒன்றில் 174 வந்ததும் நிறுத்தினாள். மற்றதில் 214 காட்டியது, இரண்டு பருப்பைக் கிள்ளி வெளியே போட்டாள், 213. வாயை இறப்பர் பாண்டால் கட்டி, பரிசோதனைக்கூடத்தில் இருந்து வருகிறவள் மாதிரி இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அவள்: பாரமானதைச் சட்டைப் பைக்குள் போடுங்கள்.

நான்: எதற்கு?

அவள்: பழைய போனின் ஸ்கிரீன் எப்படி வெடித்தது? பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் கும்பிடக் குனிந்தீர்கள், உங்களுக்கு முன்னமே போன் விழுந்து கும்பிட்டது. ஐயரே தீபத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்று அன்றைக்குக் குனிந்த மாதிரிக் குனியுங்கள்.

நான்: அறுபது வயதில் பருப்புப் பையோடு...

அவள்: குனியுங்கள்.

குனிந்தேன். பை வழுக்கி, பொத்தானில் ஒருதரம் மாட்டி, பிறகு நேரே தரையில். இறப்பர் பாண்ட் எங்கே போனது என்று தெரியாது, 213 கிராம் சாம்சங்கும் அலுமாரிக்குக் கீழே சிதறி ஓடிவிட்டது. அடுத்து ஐபோனைப் போட்டுக் குனிந்தேன். அதுவும் விழுந்தது.

நான்: ஆனால் இது கொஞ்சம் மெதுவாக விழுந்ததைக் கவனித்தீரா?

அவள்: இரண்டும் ஒரே வேகத்தில்தான் விழும். பள்ளிக்கூடத்தில் இதைத்தானே தொண்டை கிழியக் கத்தினேன். ஆக, பிழை போனில் இல்லை, சட்டையில். பைக்கு ஒரு பொத்தான் தைத்துத் தருகிறேன். எடையை வெட்டுங்கள். அடுத்தது?

நான்: பட்டரி. சாம்சங் 5000 மில்லியம்பியர் மணி. ஐபோன் 13 புதிதாக இருக்கும்போதே 3200 சொச்சம்தான். இது பாவித்தது, பட்டரியின் கொள்ளளவில் 84 வீதம்தான் மிச்சம், ஆகவே 2700 தேறும். ஆனால் எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஐபோன் ஸ்கிரீன் 6.1 அங்குலம், சாம்சங் ஸ்கிரீன் 6.6. சின்ன ஸ்கிரீன் என்றால் குடிக்கிறதும் குறைவு.

அவள்: 84 என்று யார் சொன்னது?

நான்: கடைத் தம்பி செட்டிங்ஸைத் திறந்தே காட்டினான்.

அவள்: கலியாணம் பேசும்போது உங்களையும் ஐந்தடி எட்டு அங்குலம் என்று எழுதித்தான் காட்டினார்கள்.

நான்: அது சப்பாத்தோடு அளந்தது.

அவள்: சரி, பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற மனிதருக்கு 5000 எதற்கு? பிளக் பக்கத்திலேயே இருக்கிறதே.

நான்: பிளக் இருக்கும், கரண்ட் இருக்குமா? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே.

அவள்: அது முடிந்த கதை.

நான்: 2025 பெப்ரவரி 9? ஞாயிற்றுக்கிழமை, நீர் இறைச்சிக்கறி வைத்துக்கொண்டிருந்தீர். பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு போய், நாடு முழுவதும் கரண்ட் போனது. குரங்கு என்று அரசாங்கமே சொன்னது. அந்தக் குரங்குக்குச் சொந்தபந்தம் இருக்காதா?

அவள்: ஆக, இந்த வீட்டில் போன் வாங்குவது குரங்கைக் கேட்டுத்தான்.

நான்: குரங்கையும் கேட்டு.

அவள்: கமரா?

நான்: சாம்சங் 50 மெகாபிக்சல், ஐபோன் 12.

அவள்: நாலு மடங்கு வடிவாக விழுமா?

நான்: அப்படி இல்லை. சாம்சங் நாலு புள்ளியைச் சேர்த்து ஒன்றாக்கி, சாதாரணமாக 12 அளவில்தான் படத்தைத் தரும். வெளிச்சம் குறைந்த இடத்தில் அதுதான் நல்லது.

அவள்: அப்போ இரண்டும் 12. 50 எதற்கு?

நான்: சொல்வதற்கு. நாமாக மாற்றி வைத்தால் 50இலும் எடுக்கலாம்.

அவள்: எடுத்து? உங்கள் போனில் இருக்கிற படமெல்லாம் மின்சார மீற்றரும் பிரஷர் குளிசை மட்டையும்தான். மீற்றரை 50இல் எடுத்தால் பில் குறையுமா?

இந்த இடத்தில் நான் 120 ஹேர்ட்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே விளக்கினேன். சாம்சங் ஸ்கிரீன் ஒரு செக்கனுக்கு 120 தரம் புதுப்பிக்கும், ஐபோன் 13 60 தரம்தான், விரலால் தள்ளும்போது எண்ணெய் பூசினது மாதிரி வழுக்கும் என்று மேசையில் விரலை இழுத்துக் காட்டினேன். அவள் மேசையைப் பார்த்தாள், துடைக்க வேண்டும் என்றாள்.

அவள்: ஒரு மெசேஜ் வந்தால் கண்ணாடி தேட உங்களுக்கு ஐந்து நிமிஷம் போகிறது. அந்த ஐந்து நிமிஷமும் அது செக்கனுக்கு 120 தரம் புதுப்பித்துக்கொண்டு இருக்குமாக்கும்.

நான்: அப்டேட் இருக்கிறதே. சாம்சங் 2024இல் வந்தது, பாதுகாப்பு அப்டேட் ஐந்து வருஷத்துக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆக 2029 வரை. ஐபோன் 13 2021இல் வந்தது. அவர்களும் கன வருஷம் கொடுக்கிறவர்கள்தான், ஆனால் நாம் வாங்கும்போதே பாதி வயது போய்விட்டது.

அவள்: பழைய போன் ஒவ்வொரு இரவும் அப்டேட் போடவா என்று கேட்டது. நீங்கள் பிறகு, பிறகு என்று தட்டித்தட்டி, கடைசியில் அது கேட்பதையே விட்டுவிட்டது. சரி, அந்த ஐபோன் கள்ள போன் இல்லையென்று தெரியுமா?

நான்: அதைத்தான் பார்க்கப் போனேன். ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று அடித்தால் 15 இலக்கத்தில் ஐஎம்இஐ நம்பர், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள நம்பர் வரும். ஐஎம்இஐ என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த நம்பரையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில், அதுதான் டிஆர்சியில், பதிந்ததா இல்லையா என்று பதில் வரும். அனுப்பப் போகிறேன், கடைத் தம்பி சொல்கிறான், "அங்கிள், இதுக்குள்ள சிக்னல் இல்லை, வீட்ட போய் அனுப்புங்கோ" என்று.

அவள்: போன் கடைக்குள் சிக்னல் இல்லை?

நான்: சுவரில் நாற்பது போன் தொங்குகிறது. சிக்னல் இல்லை.

அவள்: அப்போதே வெளியே வந்திருக்க வேண்டும்.

நான்: வந்தேன். ஆனால் கொப்பியில் ஏற்கனவே பேனையால் எழுதிவிட்டேன்.

கடைசி வரி சார்ஜர். அதை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருந்தேன், காசு மிச்சம் என்று சொன்னால் இவள் மடங்கிவிடுவாள் என்ற நம்பிக்கை. எங்கள் வீட்டில் கட்டிலடியில் ஒரே ஒரு பிளக் பொயின்ட், அதுவும் பழைய வட்டத் துளை. அதில் சதுரப் பின்னுக்கான அடாப்டர், அதற்கு மேல் இரண்டாகப் பிரிக்கிற இன்னொன்று, அதில் ஒரு பக்கம் நுளம்பு மெஷின், மறுபக்கம் அவளுடைய சார்ஜர், எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் கோபுரம் மாதிரிச் சாய்ந்து நிற்கும். யாராவது தும்மினால் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும்.

நான்: ஐபோன் 13க்கு லைட்னிங் என்று ஒரு தனி வயர். அவர்கள் டைப் சிக்கு மாறியது 15இல்தான். சாம்சங் டைப் சி, உம்முடைய போனும் டைப் சி. இந்தக் காலத்தில் இந்த இரண்டு கம்பனியும் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதில்லை, வயர் மட்டும்தான். பாவித்ததற்குப் பெட்டியே இல்லை. ஆகவே சாம்சங் எடுத்தால் உம்முடைய சார்ஜரே இரண்டு பேருக்கும் போதும். ஒரு சார்ஜர் காசு மிச்சம்.

அவள்: அப்போ ஐபோனை எடுங்கள்.

நான்: என்னது?

அவள்: அது என்றால் என் சார்ஜரில் உங்கள் கை படாது. இப்போதே விடிய எழும்பிப் பார்த்தால் என் போன் 11 வீதம், உங்கள் வீங்கல் போன் 100 வீதம். பல்கனியில் படுக்கிறது எப்படி 100 ஆகிறது என்று நானும் கேட்காமல்தான் இருக்கிறேன்.

(இதற்கு என்னிடம் பதில் இல்லை. பிளேன்டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.)

நான்: சரி, உண்மையைச் சொல்கிறேன். எனக்குச் சாம்சங்தான் பிடித்திருக்கிறது. புதுசு, வொறன்டி இருக்கிறது, மெமரி கார்ட் போடலாம், குரங்குக்கும் தாங்கும். 19 நாளும் அதைத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அவள்: எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

நான்: உண்மையாகவா? இதை முதலே சொல்லியிருக்கலாமே!

அவள்: கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். கடும் நீலத்தில் வாங்குங்கள். என்னுடையதை நீங்கள் எடுங்கள்.

நான்: என்ன சொன்னீர்?

அவள்: புதிதை நான் எடுக்கிறேன். என்னுடையது வாங்கி இரண்டு வருஷம். வீங்கவில்லை, வெடிக்கவில்லை, டிஆர்சி பதிவு இருக்கிறது. ஒரே உரிமையாளர், அதுவும் டீச்சர் பாவித்தது. பேப்பரில் விளம்பரம் போட்டால் வாசலில் சனம் நிற்கும்.

நான்: தேடினது நான்!

அவள்: எனக்கு அந்தப் பொறுமை வராதப்பா. அதற்குத்தான் உங்களை விட்டது.

நான்: அப்போ சார்ஜர்?

அவள்: பழகின சார்ஜர்தானே, அதுவும் உங்களுக்கே. எனக்குப் புதிதாக 25 வோட்ஸில் ஒன்று வாங்குங்கள். பெட்டிக்குள் வராது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

நான் கொப்பியில் புது ஒற்றை புரட்டினேன்.

நான்: உம்முடைய போன் எத்தனை கிராம்?

அவள்: அலுமாரிக்குக் கீழே கிடக்கிற பருப்பைக் கூட்டி எடுங்கள். நிறுத்துச் சொல்கிறேன்.