பொய் சொல்கிறவர்களின் பக்கத்தில் உட்காரும் மிவா நிஷிகாவா

ஜப்பானியப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் குரோசாவா, ஓசு, இப்போது கொரே-எடா என்று வரிசையாக இயக்குநர்களின் பெயர்கள் வரும். நான் மிவா நிஷிகாவா என்று சொன்னால் மட்டும், "கொரே-எடாவிடம் வேலை பார்த்தவர்தானே?" என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடும். வேலை பார்த்தவர்தான். வசேதா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கும் காலத்திலேயே 'ஆஃப்டர் லைஃப்' படக்குழுவில் கொரே-எடா அவரைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய முதல் படத்தைத் தயாரித்ததும் கொரே-எடாதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் அடங்குகிறவர் இல்லை அவர். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1974இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். 2003இல் முதல் படம். அதிலிருந்து 2021 வரை ஆறே ஆறு முழுநீளப் படங்கள். முதல் ஐந்துக்கும் கதை அவருடையதே. நாவலும் எழுதுவார், அதுவும் பொழுதுபோக்காக இல்லை. 'யுரேரு' நாவல் மிஷிமா பரிசுக்கான இறுதிப் பட்டியலுக்குப் போனது. 2009இல் ஒரு சிறுகதைத் தொகுப்பும் 2015இல் ஒரு நாவலும் நவோகி பரிசுக்கான இறுதிப் பட்டியலுக்குப் போயின.

இத்தனை வருடங்களாக அவர் எழுதுவது பொய்யைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை போனதை வீட்டில் மறைக்கும் அப்பா, டாக்டர் இல்லாத டாக்டர், கல்யாண ஆசை காட்டிப் பெண்களிடம் பணம் பறிக்கும் புருஷன் பெண்டாட்டி என்று படத்துக்குப் படம் பொய்க்காரர்கள். யாரையும் அவர் கூண்டில் ஏற்றிவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

2006இல் வந்த 'யுரேரு' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் சொந்த ஊரில் பெட்ரோல் பங்க் பார்த்துக்கொள்கிறான். தம்பி டோக்கியோவில் புகைப்படக்காரன். ஊருக்கு வந்த தம்பி, அண்ணனுக்குப் பிடித்த பெண்ணோடு ஓர் இரவைக் கழித்துவிட்டு நேரம் கழித்து வீடு திரும்புகிறான். அண்ணன் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறான். "அவள் குடித்தால் விடமாட்டாளே" என்கிற மாதிரி ஏதோ சொல்கிறான். தம்பியும் ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறான். அந்தப் பெண் குடிப்பதே இல்லை என்பது நமக்கு வெகுநேரம் கழித்துத்தான் தெரிய வரும். அப்போது அந்த முதுகை நினைத்துப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. மறுநாள் அந்தப் பெண் தொங்குபாலத்திலிருந்து விழுந்து இறக்கிறாள். அண்ணன் தள்ளினானா, தவறி விழுந்தாளா என்பதுதான் வழக்கு.

இதே கதையை நாவலில் ஒவ்வொரு பாத்திரமும் தன் வாயால் சொல்கிறது. படத்தில் முதுகாக மட்டும் தெரிந்தவனுக்கும் அங்கே பேச்சு உண்டு. அதனால் ஒன்றைப் பார்த்துவிட்டால் இன்னொன்று வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒருவர் ஏன் இரண்டு வடிவத்திலும் உழைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டால் படத்தின் பக்கம்தான் நிற்பேன், தெருவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் சிரிக்க, நடுவில் பஸ் வந்து மறைக்கும் அந்தக் கடைசி நொடிக்காகவே.

'டியர் டாக்டர்' 2009இல் வந்தது. அந்த வருடத்தின் சிறந்த ஜப்பானியப் படமாக கினேமா ஜூன்போ இதழ் தேர்ந்தெடுத்த படம். மலைக் கிராமம், பெரும்பாலும் வயதானவர்கள், அவர்கள் சாமியாக மதிக்கும் ஒரே டாக்டர். அவரிடம் மருத்துவம் பார்ப்பதற்கான உரிமமே கிடையாது. ராக்குகோ என்ற கதைசொல்லும் கலையில் பெயர்பெற்ற ஷோஃபுகுதேய் சுருபே அந்த வேடத்தில். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு மருத்துவப் புத்தகங்களைப் புரட்டி, மறுநாள் சமாளிக்கப் படித்துக்கொண்டிருக்கிறார் மனிதர். ஒரு விதவைத் தாய்க்கு வயிற்றில் புற்றுநோய். "என் மகளுக்குத் தெரிய வேண்டாம்" என்று கேட்டுக்கொள்கிறாள். மகள் நிஜமான டாக்டர், நகரத்தில் இருக்கிறாள். ஒரு பொய்யர் இன்னொருவருடைய பொய்யைச் சுமக்கச் சம்மதிக்கும் இடம் அது.

அந்தப் படத்தில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் காட்சி வேறு. அந்தப் போலி டாக்டர் ஏன் இவ்வளவு செய்தார், அன்பினாலா என்று மருந்துக் கம்பெனி ஆள் ஒருவரைப் போலீஸ்காரர் விசாரிக்கிறார். அந்த ஆள் பதில் சொல்லாமல் நாற்காலியோடு பின்னால் சாய்கிறார். போலீஸ்காரர் பதறிப்போய்க் கையை நீட்டுகிறார். என் மேல் அன்பு இருந்தா இப்போது கையை நீட்டினீர்கள் என்று கேட்கிறார் அந்த ஆள். அவ்வளவுதான் காட்சி. பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருக்கக்கூடிய இடத்தில் ஒரு நாற்காலியை வைத்து முடித்துவிட்டார்.

'நாகாய் இய்வாகே' என்றால் நீளமான சாக்கு என்று பொருள். 2011 பூகம்பத்துக்குப் பிறகு, காலையில் மனக்கசப்போடு பிரிந்து, திரும்பப் பார்க்கவே முடியாமல் போனவர்களை நினைத்து எழுதத் தொடங்கிய கதை. முதலில் நாவல், அடுத்த வருடம் படம். மனைவி பஸ் விபத்தில் சாகும்போது எழுத்தாளர் ஒருவர் வேறொரு பெண்ணோடு இருக்கிறார். அவருக்கு அழுகை வரவில்லை. அவருடைய பெயர் கினுகாசா சாச்சியோ. ஹிரோஷிமா கார்ப் அணிக்காகத் தொடர்ந்து 2,215 ஆட்டங்கள் ஆடிய பேஸ்பால் வீரரின் பெயரும் உச்சரிப்பில் இதுவே. அந்தப் பெயரைச் சுமப்பது எழுத்தாளருக்கு அவமானமாக இருக்கிறது. நிஷிகாவா கார்ப் அணியின் தீவிர ரசிகை. தான் நேசிக்கும் பெயரை வெறுக்கிற ஒருவனைப் படைத்து, அவனையும் கைவிடாமல் கடைசிவரை கூட்டிப்போகிறார்.

2021இல் வந்த 'சுபராஷிகி செகாய்' மட்டும் ரியூசோ சாக்கியின் நாவலிலிருந்து எடுத்தது. 13 வருடம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வரும் மனிதராகக் கோஜி யகுஷோ. இங்கே நிலைமை தலைகீழ். இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனாலேயே வெளியுலகில் திணறுகிறார்.

அப்புறம், அதிகம் பேசப்படாத ஒரு சின்ன நாவல் உண்டு. 2012இல் வந்தது. தலைப்பே ஒரு ரயில் நேரம்: அன்று டோக்கியோ நிலையத்தில் 5.25க்குக் கிளம்பும் வண்டி. அவருடைய பெரியப்பா முறை உறவினர் ஒருவரின் அனுபவத்திலிருந்து எழுதியது. பேரரசர் வானொலியில் பேசுவதற்கு முன்பே தோல்வி தெரிந்துவிட்ட இளம் சிப்பாய் ஒருவன், 1945 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் ரயிலேறிச் சொந்த ஊருக்குப் போகிறான். ஊர், ஹிரோஷிமா. குண்டு விழுந்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

ஜப்பானிய மொழியிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு மொழிபெயர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்.