பாலத்தைத் தாண்டினால் வேறு சட்டம்
அமெரிக்காவில் அடுத்தடுத்து இருக்கும் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் இரண்டிலும் 21 வயதானவர்கள் கஞ்சா வாங்கலாம். அப்புறம் ஏன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று உங்கள் கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். எல்லையைத் தாண்டியதுமே விஷயம் மத்திய அரசின் கைக்குப் போய்விடும். 1970ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மாநில அனுமதியைக் கண்டுகொள்வதில்லை. வெறுமனே வைத்திருந்தாலே முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறையோ, குறைந்தது 1,000 டாலர் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இரண்டுக்கும் எல்லையாக ஓடும் கொலம்பியா ஆற்றுப் பாலத்தில் யாரும் காரை நிறுத்திச் சோதிப்பதில்லை, சரி. மாட்டாமல் போவதும் சட்டப்படி சரியாக இருப்பதும் ஒன்றா? பக்கத்து மாநிலமான ஐடஹோ பக்கம் வண்டியைத் திருப்பினால் இன்னும் மோசம், அங்கே மருத்துவக் காரணம்கூடச் செல்லாது. இத்தனைக்கும் 2019இல் ஓரிகன் பிற மாநிலங்களோடு கஞ்சா வர்த்தகம் செய்யச் சட்டமே போட்டது. மத்திய அரசு அனுமதித்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.