வீடியோவைக் கடிகாரம் பார்த்து வெட்டாதீர்கள்

ஆன்லைன் பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடம் "ஆறு நிமிடத்தைத் தாண்டாதீர்கள்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சிவில் இன்ஜினியரிங் நடத்துகிறவன் நான். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

முன்பு வேலை பார்த்த கல்லூரியில் பெண்டிங் மொமெண்ட் (சுமை ஒரு பீமை, அதாவது உத்திரத்தை, எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்ற அளவு) பாடத்தை 42 நிமிட வீடியோவாக எடுத்துக் கொடுத்தேன். அதை ஆறு ஆறு நிமிடமாக ஏழு துண்டு போட்டு ஏற்றிவிட்டார்கள். 6 மீட்டர் பீம், மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் சுமை. இரண்டு முனையிலும் தாங்கிகள் மேல்நோக்கித் தள்ளும் ரியாக்‌ஷன் 30, 30. பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையான ஷியர் ஃபோர்ஸின் கோடு 30இல் தொடங்கிச் சரிந்து வந்து நட்டநடுவில் பூஜ்யத்தைத் தொடுகிறது. "இந்த இடத்தைப் பாருங்கள், இங்கேதான்" என்று நான் மார்க்கரை வைக்கிறேன், மூன்றாவது துண்டு முடிந்துவிட்டது! அதே இடத்தில்தான் பெண்டிங் மொமெண்ட் உச்சத்துக்குப் போய் 45 கிலோநியூட்டன் மீட்டர் ஆகிறது என்பது நான்காவது துண்டில் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு மாணவி வந்து கேட்டாள். "சார், நடுவில் ஃபோர்ஸ் ஜீரோதானே, அப்புறம் ஏன் அங்க அடிக்கம்பி அதிகமா போடுறாங்க?" மூன்றாவதைப் பார்த்திருக்கிறாள், அந்தக் கம்பிக்குக் காரணமான மொமெண்ட் உச்சம் இருக்கும் நான்காவதைத் திறக்கவில்லை. அவள்மேல் என்ன தப்பு? பாதி வாக்கியத்தில் கதவைச் சாத்தியது நாம்தானே.

இந்த ஆறு நிமிடக் கணக்கு பெரும்பாலும் 2014இல் வந்த ஓர் ஆய்விலிருந்து எடுக்கப்படுகிறது. பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் எடெக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தின் நான்கு படிப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் 862 வீடியோக்கள் 69 லட்சம் தடவை பார்க்கப்பட்ட பதிவுகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும், மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு (மீடியன்) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது வேறு, எவ்வளவு புரிந்தது என்பது வேறு. அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது: வகுப்பறை லெக்சரை, எவ்வளவு நன்றாகப் படம் பிடித்திருந்தாலும், பிறகு துண்டு போட்டு ஆன்லைனில் ஏற்றினால் மாணவர்கள் அவ்வளவாக ஒட்டுவதில்லை. அதாவது சின்ன வீடியோ வேண்டுமென்றால் பாடத்தை யோசிக்கும்போதே சின்னதாக யோசிக்க வேண்டும். எங்களிடம் ஆறு நிமிடம் என்ற எண் மட்டும்தான் வந்து சேர்ந்தது.

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் எம்ஐடியில் கணிதப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய லீனியர் அல்ஜீப்ரா வகுப்புகள் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்தை ஒட்டியவை. உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள். நம் ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெல்லின் பழைய வீடியோக்களும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்தான். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறுத்தி நிறுத்தி, நோட்டில் எழுதிக்கொண்டே அதைப் பார்க்கிறார்கள். தேவை இருக்கிறவனுக்கு நீளம் பாரமில்லை.

அதற்காக வளவளவென்று இழுக்கலாம் என்று சொல்லவில்லை. "வணக்கம் மாணவர்களே, சென்ற வகுப்பில் நாம்" என்று ஆரம்பிக்கும் இரண்டு நிமிடத்தை நானே தூக்கிவிட்டேன். இப்போது ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான். ஷியர் ஃபோர்ஸ் என்றால் என்ன? அதற்கு மூன்று நிமிடம் போதும். ஒரு முழுக் கணக்கு என்றால் இருபது நிமிடம் ஆகும், ஆகட்டும். நடுவில் "இங்கே நிறுத்திவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்" என்று சொல்லி, விடையைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

அந்தப் பழைய பாடத்தையும் திரும்ப எடுத்தேன். உச்ச மொமெண்ட் எங்கே, ஏன் அங்கே என்ற கேள்விக்கு மட்டும் 11 நிமிடம் வந்தது. மேலே ஷியர் ஃபோர்ஸ் படம், கீழே மொமெண்ட் படம். பூஜ்யப் புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு புள்ளிக்கோடு இழுத்து, வளைகோட்டின் உச்சியில் கொண்டுபோய்ச் சேர்த்து, 45 என்று எழுதுகிற வரை கேமராவை நிறுத்தவில்லை.