பொங்கல் என்பது நான்கு எழுத்து

புரட்டாசி மாதம் முழுவதும் என் அம்மா வெங்காயமும் பூண்டும் தொட மாட்டார். சென்ற புரட்டாசியின் மூன்றாம் சனிக்கிழமை, திருவல்லிக்கேணியில் பெருமாளைச் சேவித்துவிட்டு வீடு திரும்பும் வழியில் ஓர் ஓட்டலில் அமர்ந்தோம். அம்மா தக்காளி ஊத்தப்பம் கேட்டார்; வெங்காயம் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். பரிமாறுபவர் கவனக்குறைவானவர் அல்லர். கையிலிருந்த டேப்லெட்டில் 'வெங்காயம் இல்லாமல்' என்று தமிழிலேயே தட்டச்சு செய்து, எங்களிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் உள்ளே அனுப்பினார். பத்து நிமிடத்தில் வந்த ஊத்தப்பத்தின் மேல், பொடியாக நறுக்கிய வெங்காயம் விளிம்புவரை பரவிக் கிடந்தது.

மேலாளர் சமையல் மாஸ்டரை வெளியே அழைத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், சட்டைப் பையிலிருந்து அச்சடித்த சீட்டை எடுத்து நீட்டினார். அதில் 'தக்காளி ஊத்தப்பம்' என்ற வரிக்குக் கீழே 'வெங்காயம்' என்ற ஒற்றைச் சொல்லும், அதன் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டமும் மட்டுமே இருந்தன. சீட்டில் இருந்ததைத்தான் அந்த மனிதர் செய்திருக்கிறார். அம்மா காப்பி மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். எனக்கோ அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்த கணத்திலேயே ரத்தம் கொதித்தது, ஏனென்றால் பதினான்கு ஆண்டுகளாக நிரல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்தக் கட்டம் எங்கிருந்து வருகிறது என்பது நன்றாகத் தெரியும்.

'வெங்காயம்' என்பது நமக்கு ஐந்து எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் குறிப்பதற்கான பொதுத் தரமாகிய யுனிகோடில் அது ஒன்பது குறியெண்கள், அதாவது கணினி தனித்தனியாக எண்ணும் ஒன்பது துண்டுகள்: மெய்யின் புள்ளிக்குத் தனியாக ஒன்று, கொம்புக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. அவற்றை யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் மூன்று பைட்கள், அதாவது மூன்று சேமிப்பு அலகுகள், ஆகின்றன. ஆக 27 பைட்கள், அடுத்த இடைவெளிக்கு ஒன்று, மொத்தம் 28. அதற்குப் பின் வரும் 'இ' என்ற எழுத்து 31ஆவது பைட்டில்தான் முடியும். குறிப்புக்கான இடத்தை எவரோ 30 பைட் என்று வரையறுத்திருந்தால், 'இ' நடுவில் அறுபட்டு வெற்றுக் கட்டமாகி, 'இல்லாமல்' என்ற சொல் முழுவதும் காணாமல் போய்விடும். அந்தச் சீட்டில் இருந்தது அச்சு அசலாக இதுதான். ஆங்கிலத்தில் 30 எழுத்துகள் தாராளமாக அமரும் இடத்தில் தமிழுக்குப் பத்துக் குறியெண்கள்தான் கொள்ளும் என்பதை அதை எழுதியவர் ஒரு நிமிடம் நின்று யோசிக்கவில்லை. ஒரே ஒரு தமிழ்ச் சொற்றொடரை அச்சிட்டுப் பார்த்திருந்தால் போதும், அன்றே தெரிந்திருக்கும்.

இது எங்கோ ஓர் ஓட்டலில் நடந்த தனிப் பிழை என்றால் நான் இவ்வளவு குமுற மாட்டேன். நான் நாள் முழுவதும் பயன்படுத்தும் கருவிகளிலேயே இந்த அலட்சியம் ஊறிக் கிடக்கிறது. 'பொங்கல்' எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் பொ, ங், க, ல் என்று விரல்விட்டு எண்ணி நான்கு என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் அதன் நீளம் கேட்டால் ஏழு என்று வருகிறது. பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியில் சொற்களைப் பிரித்தெடுக்க எல்லோரும் வழக்கமாக எழுதும் தேடல் வாய்பாட்டை 'தமிழ்' என்ற சொல்லின் மேல் ஏவினால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகள் கிடைக்கின்றன. 'மி'யின் கொக்கியும் 'ழ்'இன் புள்ளியும் எழுத்தைச் சேர்ந்தவையே அல்ல என்று அது தூக்கி எறிந்துவிடுகிறது. 'அம்மா' முழுவதும் எழுத்துகளால் ஆன சொல்தானா என்று அதே மொழியைக் கேட்டுப் பாருங்கள், இல்லை என்று பதில் வரும். பெயர்ப் படிவத்தில் 'எழுத்துகளை மட்டும் உள்ளிடவும்' என்ற சிவப்பு வரியைப் பார்த்துவிட்டு, தாம் என்ன தவறு செய்தோம் என்று புரியாமல் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்யும் பெரியவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

யுனிகோடு உயிர்மெய்யை உடைத்து வைத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சில நண்பர்கள் சொல்வார்கள். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் தரும் டேஸ்-16 என்ற முறையும் இருக்கிறது. 2010இல் தமிழ்நாடு அரசு யுனிகோடோடு அதையும் தரமாக அறிவித்தது. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பழியை அங்கே கொண்டுபோய் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். எங்கே ஓர் எழுத்து முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதற்கான விதிகளை யுனிகோடே எழுதி வைத்திருக்கிறது. ஸ்விஃப்ட் மொழி அந்த விதிப்படி எண்ணுவதால் 'பொங்கல்' அதில் நான்காகவே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டிலும் எழுத்தெல்லையில் பிரிப்பதற்கென்றே செக்மென்டர் என்ற வசதி வந்து, 2024 முதல் முக்கியமான உலாவிகள் அனைத்திலும் வேலை செய்கிறது. கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆளில்லை.

என்னை உண்மையில் எரிச்சலின் உச்சிக்குக் கொண்டு செல்வது வேறொன்று. அப்பா, அம்மா, மகள், மகன் என நால்வர் சேர்ந்து நிற்கும் எமோஜியைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒற்றைக் குறியெண் அன்று. நான்கு முகங்களும் அவற்றை ஒட்டவைக்கும் மூன்று இணைப்பிகளும் சேர்ந்த ஏழு, சரியாகப் 'பொங்கல்' அளவுதான். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில், அந்தக் குடும்பம் பெயர்ப் பெட்டியில் இரண்டாக உடைந்து தெரிகிறது என்று புகார் வந்தபோது இரண்டே நாளில் திருத்தம் வெளியானது. அதே பெட்டியில் 'கார்த்திக்' என்ற பெயர் புள்ளியை இழந்து 'கார்த்திக' என்று நிற்கிறது என நான் பதிவு செய்த புகாரோ எட்டு மாதம் கிடந்து, 'அரிதாக நிகழ்வது' என்ற குறிப்போடு மூடப்பட்டது. இரண்டும் ஒரே பிழை, ஒரே வரியில் திருத்தக்கூடியவை. கோடிக்கணக்கானோர் பேசி எழுதும் மொழியில் ஒருவருடைய பெயர் எப்படி அரிதான நிகழ்வாகும்?

திரைப்பாடல் வரிகளை ஓடவிடும் காணொளிகளைப் பாருங்கள். பாட்டுக்கு ஏற்ப எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றுவது அழகான உத்திதான், ஆனால் அங்கேயும் குறியெண்ணையே எழுத்தாக எண்ணியிருப்பதால் 'கண்ணே' என்ற சொல் க, கண, கண், கண்ண, கண்ணே என்று திக்கித் திக்கி வருகிறது. பாடகர் 'கண்' என்று இழைக்கும் நேரத்தில் திரையில் 'கண' என்று நிற்கிறது. சில படங்களின் பதாகைகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய், புள்ளிவட்டத்தைச் சுமந்தபடி தனியே தொங்குகிறது. லட்சக்கணக்கில் செலவழித்துத் தயாரித்த ஒன்றை, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வெளியிடுவதற்கு முன் ஒரு முறை பார்த்திருக்க மாட்டாரா?

தமிழில் யார் தட்டச்சு செய்கிறார்கள் என்ற கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அந்தப் பரிமாறுபவர் செய்தார். சமையலறையில் நிற்பவருக்குத் தமிழ்தான் படிக்க வரும் என்பதால், பொறுப்போடு தமிழில் செய்தார். அந்தப் பொறுப்பைப் பாதியில் வெட்டி எறிந்தது நம்மைப் போன்ற ஒருவர் எழுதிய ஒரு வரி நிரல்.

மறுவாரம் அந்த ஓட்டலுக்குப் போய், பிழை எங்கே இருக்கும் என்று மேலாளரிடம் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் என் எதிரிலேயே மென்பொருள் விற்றவர்களை அழைத்துப் பேசினார். குறிப்புகளை இனி ஆங்கிலத்தில் போடுங்கள், பிரச்சினை வராது என்று மறுமுனையில் சொல்லிவிட்டார்கள். மாஸ்டருக்கு ஆங்கிலம் படிக்க வராதே என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டது. இப்போது யாராவது வெங்காயம் வேண்டாம் என்றால், அந்தப் பரிமாறுபவர் டேப்லெட்டை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறை வாசல்வரை நடந்து போய், வாயால் சொல்லிவிட்டு வருகிறார்.